ஒரு வாட்டுக்குள்

செயலிகளின் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் எண்களின் ஏணியைத்தான் சாத்துகிறார்கள். 1971-இல் வந்த இன்டெல் 4004-இல் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள், 1978-இன் 8086-இல் 29,000, 1993-இன் பென்டியத்தில் 31 லட்சம். எல்லாம் உண்மை. ஆனால் இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் செயலி எப்படி வந்தது என்பதற்கு இந்த ஏணியில் விடை இல்லை. அதற்கு வேகத்தை விட்டுவிட்டுச் சூட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரையில் கணினி அசெம்பிள் செய்து விற்கும் கடையொன்றில் வேலை பார்த்தேன். உள்ளே வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை கிகாஹெர்ட்ஸ், தம்பி?” என்பதுதான். அக்கினி நட்சத்திரம் தொடங்கியதும் விற்ற பெட்டிகள் திரும்பி வரும். “அரை மணி நேரம் ஓடுது, அப்புறம் தானா அணைஞ்சிடுது.” திறந்து பார்த்தால் ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் தூசி அப்பியிருக்கும். பிரஷ்ஷால் தட்டி, காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவி, விசிறியை மாற்றிக் கொடுப்போம். விரல் நகத்தளவு சிலிக்கான் இத்தனை சூட்டைக் கக்குவதைப் பார்த்து எனக்கு வியப்பாக இருக்கும். அந்தச் சூடு ஒரு தொழிலையே திசை திருப்பப் போகிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

திருப்பத்துக்கான வேலை அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கியிருந்தது. ஏக்கார்ன் என்ற சிறிய நிறுவனம், பள்ளிப் பிள்ளைகளுக்கான பிபிசி மைக்ரோ கணினியைச் செய்து பெயர் வாங்கியிருந்தது. அதற்குள் இருந்தது 6502 செயலி. 1975-இல் போட்டிச் செயலிகளுக்கு நூற்றுக்கணக்கில் டாலர் கேட்கப்பட்டபோது, 25 டாலருக்கு வந்து வீட்டுக் கணினி என்ற ஒன்றையே சாத்தியமாக்கிய சில்லு அது. அடுத்த கணினிக்கு இன்னும் வலுவான செயலி வேண்டுமென்று ஏக்கார்ன் சந்தையில் இருந்த 16-பிட் செயலிகளைச் சோதித்துப் பார்த்தது. அங்கே பொறியாளர்களாக இருந்த சோஃபி வில்சனுக்கும் ஸ்டீவ் ஃபர்பருக்கும் எதுவும் திருப்தி தரவில்லை. நினைவகம் தரக்கூடிய வேகத்தை அந்தச் செயலிகள் வாங்கிக்கொள்ளவே இல்லை என்பது அவர்கள் குறை.

அந்த நேரத்தில் இரண்டு விஷயங்கள் அவர்களை உலுக்கின. ஒன்று, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சனும் மாணவர்களும் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள். நிரல்கள் சிக்கலான கட்டளைகளை அரிதாகவே பயன்படுத்துகின்றன, ஆகவே எளிய கட்டளைகளை மட்டும் வைத்து அவற்றை விரைவாக முடிப்போம் என்பது அவர்கள் வாதம். மற்றது, 6502-ஐ உருவாக்கியவர்களில் ஒருவரான பில் மென்ஷைப் பார்க்க அரிசோனாவுக்குப் போனது. பெரிய ஆய்வுக்கூடத்தை எதிர்பார்த்துப் போனவர்கள், புறநகரில் ஒரு சாதாரண வீட்டில் சிலர் உட்கார்ந்து செயலி வரைவதைக் கண்டார்கள். இவர்களால் முடிந்தால் நம்மாலும் முடியும் என்ற எண்ணத்தோடு ஊர் திரும்பினார்கள். கடையில் பெரிய கம்பெனிகளின் அட்டைப்பெட்டிகளை மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு, பிற்பாடு இதைப் படித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

1983 அக்டோபரில் வேலை தொடங்கியது. கட்டளைத் தொகுதியை வில்சன் வகுத்தார். அது சரியாக இயங்குமா என்று பார்க்கும் மாதிரி நிரலைக்கூட பிபிசி மைக்ரோவின் பேசிக் மொழியிலேயே எழுதினார். சில்லின் உள்ளமைப்பு ஃபர்பருடையது. மற்ற நிறுவனங்கள் தராத இரண்டைத் தன் குழுவுக்குத் தந்ததாக ஏக்கார்னின் ஹெர்மன் ஹவுசர் பிற்காலத்தில் சொல்வதுண்டு: பணம் இல்லை, ஆள் இல்லை.

விலை குறைய வேண்டுமானால் சில்லைப் பீங்கான் உறையில் வைக்க முடியாது, பிளாஸ்டிக்கில்தான் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் சூடு தாங்காது. ஆகவே ஒரு வாட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகக் கூடாது என்று எல்லை போட்டுக்கொண்டார்கள். ஒரு வடிவமைப்பு எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று முன்கூட்டியே துல்லியமாகக் கணிக்கும் கருவி அவர்களிடம் கிடையாது. அதனால் ஒவ்வொரு இடத்திலும் எச்சரிக்கையாகக் குறைத்துக்கொண்டே போனார்கள். பிற்பாடு உலகம் கொண்டாடிய சிக்கனத்துக்குக் காரணம் இந்த இல்லாமைதான். வசதி இருந்திருந்தால் ஒரு வாட்டின் விளிம்பு வரை போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

1985 ஏப்ரல் 26 அன்று, ஏஆர்எம்-1 என்று பெயரிடப்பட்ட அந்தச் செயலி வந்து சேர்ந்தது. சுமார் 25,000 டிரான்சிஸ்டர்கள். பலகையில் பொருத்தியதும் வேலை செய்தது. எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று ஃபர்பர் மீட்டர் வைத்துப் பார்த்தால், முள் பூஜ்யம் காட்டியது. தேடியபோதுதான் தெரிந்தது, செயலிக்கு மின்சாரம் தரும் இணைப்பே சேரவில்லை. பலகையிலிருந்த மற்றச் சில்லுகள் அனுப்பிய சமிக்ஞைகள் வழியாக உள்ளே வந்த துளி மின்சாரத்தில், பக்கத்து வாய்க்காலின் கசிவில் பயிர் பிழைப்பதுபோல, அது ஓடிக்கொண்டிருந்தது. முறையாக இணைத்து அளந்தபோது வாட்டில் பத்தில் ஒரு பங்குதான் செலவானது. எத்தனை முறை நினைத்தாலும் இந்தச் சம்பவம் எனக்கு அலுப்பதில்லை.

அப்போது அந்தச் சிக்கனத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மேசைக் கணினி சுவரிலிருந்து எவ்வளவு இழுத்தால்தான் என்ன? டிரான்சிஸ்டர் சிறுத்தால் அது இழுக்கும் மின்சாரமும் அதற்கேற்பக் குறையும் என்று ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1974-இல் காட்டிய கணக்கு தொழிலைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தது. இந்த நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளில் அந்தக் கணக்கு உடைந்தது. அணைத்து வைத்த டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் கசியத் தொடங்கியது. 2004-இல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ இன்டெல் கைவிட்டது. வேகத்தை ஏற்றுவதற்குப் பதில் ஒரே சில்லில் இரண்டு செயலிகளை வைப்பது வழக்கமாயிற்று.

கேம்பிரிட்ஜ் செயலி இதற்குள் வேறு பாதையில் வெகுதூரம் போயிருந்தது. கையடக்கக் கருவிக்கு ஆப்பிள் செயலி தேடியபோது, 1990-இல் ஏக்கார்ன், ஆப்பிள், சில்லு தயாரிக்கும் விஎல்எஸ்ஐ மூன்றும் சேர்ந்து ஏஆர்எம்மைத் தனி நிறுவனமாக்கின. ஆப்பிளின் அந்தக் கருவியான நியூட்டன் தோற்றது, ஆனால் நோக்கியா 6110 போன்ற கைப்பேசிகள் ஏஆர்எம்மைத் தூக்கி நிறுத்தின. சில்லைத் தானே செய்யாமல் வடிவமைப்பை மட்டும் விற்று வளர்ந்த நிறுவனம் அது. இன்றைக்கு அந்த வடிவமைப்பு இல்லாத கைப்பேசியைக் காண்பது அரிது.

பெர்க்லியின் அந்தப் பழைய எண்ணம் 2010-இல் ரிஸ்க்-ஃபைவ் என்ற பெயரில், எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்ற திறந்த கட்டளைத் தொகுதியாக மறுபடி முளைத்தது. அதில் ஊன்றித்தான் சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடியின் குழு ‘சக்தி’ செயலிகளை வடிவமைத்தது. 2018-இல் இன்டெலின் ஆரகன் ஆலையில் அச்சாகி வந்த சில்லில் லினக்ஸ் ஓடியது. அந்தக் குடும்பத்தில் சிறு கருவிகளுக்கென்றே ஒரு வகை இருக்கிறது. நான் ஆவலோடு கவனிப்பது அதைத்தான். வேகத்தை யாரும் கேட்காத, ஒரு பேட்டரி எத்தனை மாதம் வரும் என்பதையே முதலில் கேட்கும் இடங்களுக்கு அது போக வேண்டியிருக்கிறது.