உருளைக்கிழங்குக்காக அழுதவள்

கடந்த ஆகஸ்ட் பதினான்காம் தேதி அம்மாவைக் கொடைக்கானலுக்கு அழைத்துச் சென்றேன். எழுபத்திரண்டு வயது. இரண்டு ஆண்டுகளாகத் திண்டுக்கல்லில் வாரம் இருமுறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கிறது. ஊசி ஏறி ஏறி இடக்கை நரம்பு கயிறுபோலப் புடைத்துக் கிடக்கிறது. இரண்டு சிகிச்சை நாட்களுக்கு நடுவே ஒரு பகல் கிடைத்தால் போதும், சலேத் மாதாவை ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றாள். 2024 மே மாதம் முதல் மலையேற இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பதைச் சொன்னபோது, "மாதாவப் பாக்கவும் சீட்டு வாங்கணுமா?" என்று சிரித்தாள்.

நான் ஒப்புக்கொண்டதற்குப் பக்தி காரணமில்லை. அவளிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்களுக்குள் முடியாமல் கிடக்கும் ஒரு வழக்கு தொடர்பான செய்தி.

எங்கள் ஊர் பூம்பாறைக்கு அப்பால் இருக்கிறது. குழந்தை வேலப்பர் தேரோட்டத்துக்கும் போவோம், சலேத் மாதா தேர்பவனிக்கும் போவோம், அப்படிப்பட்ட ஊர். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய நிலத்தில் அப்பா வெள்ளைப்பூண்டும் கிழங்கும் போடுவார். (எங்கள் பக்கத்தில் கிழங்கு என்றால் உருளைக்கிழங்குதான்.) 1991ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. வத்தலக்குண்டு கமிஷன் கடையில் முன்பணம் வாங்கி, நிலம் முழுவதும் கிழங்கே போட்டிருந்தார். ஜூலையில் ஒரு வாரம் மூடுபனி விலகவே இல்லை. இலைகளில் நீர் கோத்ததுபோல் கரும்பழுப்புப் புள்ளிகள் தோன்றின. இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளை வெள்ளையாக மாவு படிந்திருந்தது. நான்கைந்து நாட்களில் வயல் முழுவதும் வெந்நீர் ஊற்றியதுபோல் சாய்ந்துவிட்டது. அந்த நாற்றம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது.

ஒரு மாலை அப்பா என்னை மட்டும் வயலுக்குக் கூட்டிப்போனார். ஒரு செடியைப் பிடுங்கினார். கிழங்கு கறுத்துக் கொழகொழவென்றிருந்தது. பத்துப் பதினைந்து செடிகளைத் தோண்டி, நல்லதாக ஒரே ஒரு கிழங்கை எடுத்து, அங்கேயே சுள்ளி பொறுக்கித் தீமூட்டிச் சுட்டுத் தோலுரித்து என் கையில் கொடுத்தார். "சாப்புடு. அடுத்த வருசம் இந்த மண்ணுல யாரு சாப்புடுவாங்களோ" என்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, கிழங்கைத்தான் பார்த்தேன். பத்து வயதில் பசிதான் பெரிது.

அந்த ஆகஸ்ட் பதினான்காம் தேதி அம்மா கொடைக்கானலுக்கு நடந்தே போனாள். இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. திரும்பி வந்தபின் எதுவும் நடக்கவில்லை. கடைக்காரர் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டார். மழை விடுவதற்குள் நாங்கள் மலையிறங்கினோம். அப்பா திண்டுக்கல்லில் மூட்டை தூக்கினார். அதற்குப்பின் அவர் கோயில் வாசலை மிதிக்கவில்லை, சண்டையும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களை அனுப்பிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். 2009இல் இறக்கும்வரை அப்படியேதான்.

அம்மா மட்டும் மாறவில்லை. ஆண்டவரால் ஆகாதது ஒன்றுமில்லை என்பாள். கல்லூரியில் படிக்கும்போது நான் ஒருநாள் கடுமையாகவே கேட்டேன்: "ஆகும்னா ஏம்மா ஆக்கல?" அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஆகாதுன்னா அன்னைக்கே விட்டிருப்பேன். ஆகும்ங்கறதாலதான் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றாள். அன்று அதை ஒரு சொற்சிலம்பம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இனி அந்தச் செய்தி. கொடைக்கானல் சலேத் மாதா ஆலயத்தை 1866இல் கட்டியவர் லூயி சேன்சீர் என்ற பிரெஞ்சு சேசுசபைத் துறவி என்பது பலருக்கும் தெரியும். லா சலேத் என்பது பிரான்சில் ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஒரு குக்கிராமம் என்பதும் தெரிந்திருக்கலாம். அங்கே 1846 செப்டம்பர் 19 அன்று மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளுக்கு (மெலனிக்குப் பதினான்கு வயது, மாக்சிமினுக்குப் பதினொன்று) மாதா காட்சி தந்ததாகச் சொன்னார்கள். ஐந்து ஆண்டுகள் விசாரித்து, 1851இல் கிரெனோபிள் ஆயர் அதை ஏற்றுக்கொண்டார். சிறுவயது முதல் கேட்ட கதைதான். ஆனால் முழு விவரத்தைச் சென்ற ஆண்டு கோடை விடுமுறையில்தான் படித்தேன். படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

அந்தப் பெண் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, முகத்தை இரு கைகளிலும் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். எழுந்து வந்து பேசியபோது அவள் சொன்னவற்றில் ஒன்று, கிழங்கு அழுகிப்போனது பற்றி. பிரெஞ்சு மொழியில் உருளைக்கிழங்குக்குரிய சொல் அந்த மாடு மேய்க்கும் சிறுமிக்குப் புரியவில்லை. விழித்தாள். உடனே அந்தப் பெண் பிள்ளைகளின் மலைப்பேச்சுக்கு மாறி, அதையே மறுபடி சொன்னாள். பேச்சுத்தமிழ், எழுத்துத்தமிழ் என்று வகுப்பறையில் இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிற எனக்கு இந்த இடம் தந்த அதிர்ச்சியை எப்படிச் சொல்ல? வானத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஒருத்தி 'உருளைக்கிழங்கு' என்று ஆரம்பித்துக் 'கிழங்கு' என்று மாற்றிக்கொள்கிறாள்.

1845இல்தான் அந்த நோய் ஐரோப்பாவில் பரவத் தொடங்கியது. அயர்லாந்தில் அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தார்கள். எங்கள் வயலை எரித்ததும் அதே நோய். அதே 1845இல்தான், மதுரையில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் மனைவிமாரையும் குழந்தைகளையும் பறிகொடுத்துக்கொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள், கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். நாம் 'மலைகளின் இளவரசி' என்று கொண்டாடும் ஊர், பிள்ளைகளைப் புதைத்துச் சோர்ந்தவர்கள் உண்டாக்கிய ஊர். ஆண்டவர் காப்பார் என்று நம்பியவர்கள் காற்று நல்ல இடத்தையும் தேடினார்கள். இரண்டுக்கும் நடுவே முரண்பாடு இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை போலும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காட்சி நடந்த அதே 1846இல் இங்கிலாந்தில் மைல்ஸ் பெர்க்லி என்ற ஆங்கிலிக்கன் சபைக் குருவானவர், கிழங்குச் செடியில் படரும் பூசணந்தான் நோய்க்குக் காரணம் என்று எழுதினார். பூசணம் அழுகலின் விளைவு என்றே பலரும் எண்ணிய காலம் அது. ஜெர்மானியரான டி பாரி 1861இல் அதை ஐயமின்றி நிறுவினார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை 1880களில் பிரான்சிலேயே திராட்சைத் தோட்டங்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டு, பிறகு கிழங்குக்கும் வந்தது. அப்பாவும் அதை அடித்தார். தாமதமாக அடித்தார், அவ்வளவுதான்.

சலேத் செய்தியில் எனக்கு ஒட்டாத பகுதி உண்டு. ஞாயிறு ஓய்வை மீறியதும் ஆண்டவர் பெயரை இழித்துப் பேசியதுமே பயிர் அழிவுக்குக் காரணம் என்று அதில் வருகிறது. பட்டினி கிடப்பவனிடம் உன் பாவம்தான் காரணம் என்று சொல்வதை, அதை யார் சொன்னாலும், என்னால் ஏற்க முடியவில்லை. யோபுவின் நண்பர்கள் அதைத்தான் சொன்னார்கள். யோபு ஏற்கவில்லை, கடைசியில் ஆண்டவர் கண்டித்தது அந்த நண்பர்களைத்தான். பெர்க்லி குருவானவரின் நுண்ணோக்கி அந்த வகையில் யோபுவின் பக்கம் நிற்கிறது.

ஆனால் அழுகையை என்ன செய்வது? தொல்காப்பியர் அழுகை பிறக்கும் இடங்களை நான்காக வகுக்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் கேவலப்படுத்துவது, இழப்பது, முன்பிருந்த நிலை கெடுவது, இல்லாமை. நான்கும் எங்கள் வீட்டில் அந்த ஆண்டு ஒருசேர இருந்தன. இவற்றுள் ஒன்றும் தெய்வத்துக்கு வாய்க்காது. தன்னிடம் தோன்றுவது, பிறரிடம் கண்டு தோன்றுவது என உரையாசிரியர்கள் செய்யும் பிரிவை வைத்தால் மட்டுமே அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்தவளுக்கு இலக்கணத்தில் இடம் கிடைக்கிறது. எல்லாம் வல்லவரை நம்புகிறவர்கள் தங்கள் மலையில் நிறுவியது அழுகிற ஒருத்தியை என்பதை இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை.

நான் எழுந்து நின்ற இடம் இது. கெட்டுப்போன கோதுமையைப் பார்த்திருக்கிறீர்களா என்று அவள் கேட்கிறாள். இல்லை என்கிறான் மாக்சிமின். பார்த்திருக்கிறாய், மகனே, என்று அவள் நினைவூட்டுகிறாள். ஒருமுறை தந்தையுடன் ஒரு வயலுக்குப் போனாய்; கதிரைக் கையில் வைத்துத் தேய்த்தபோது தூளாகக் கொட்டியது; திரும்பும் வழியில் உன் தந்தை ஒரு ரொட்டித் துண்டைக் கொடுத்து, அடுத்த ஆண்டு யார் சாப்பிடப்போகிறார்களோ என்று சொன்னார். பையனுக்கு நினைவு வந்துவிடுகிறது. ஆமாம், மறந்துவிட்டேன் என்கிறான்.

காட்சி உண்மையா என்று என்னைக் கேட்காதீர்கள். சுட்ட கிழங்கு என் கையில் சூடாக இருந்தது. அதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

இதையெல்லாம் ஆலயத்துக்கு வெளியே, மலைச்சரிவைப் பார்த்தபடி உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னேன். அப்பா சுட்டுக் கொடுத்த கிழங்கைப் பற்றி அவளுக்கு அதுவரை தெரியாது. கூட்டத்தின் இரைச்சலில் சில இடங்களை இருமுறை சொல்ல வேண்டியிருந்தது. மலைப்பேச்சுக்கு மாறிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். "பெறகென்ன, புள்ளைகளுக்குப் புரியிற மாதிரிதான சொல்லணும்" என்றாள். அது அவளுக்கு வியப்பாகவே இல்லை. ரொட்டித் துண்டு வந்ததும் சிரிப்பு நின்றது. சற்று நேரம் கழித்துக் கேட்டாள்:

"அந்தப் பையனோட அப்பா பெறகு என்னப்பா செஞ்சாரு?"

வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர் அவர். கோயில் பக்கம் போகாதவர். ரொட்டி விஷயத்தை மகன் வந்து சொன்னதும் மனம் மாறி மறுபடி கோயிலுக்குப் போகத் தொடங்கினார். மூன்று ஆண்டுகளில் இறந்துபோனார் என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். "நம்ம அப்பாகிட்ட வந்து சொல்ல யாரும் இல்லாமப் போயிட்டாங்களே தம்பி."

அந்த வயலில் இருந்த இருவரில் ஒருவன் நான். பதினெட்டு ஆண்டுகள் அவரோடு ஒரே வீட்டில் இருந்தும் அந்த மாலையைப் பற்றி ஒரு சொல்கூட நான் அவரிடம் பேசியதில்லை. அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை; அந்த எண்ணமே அவளுக்கு இல்லை. தொடர்ந்து, "தெனமும் அவருக்கும் சேத்துத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள். இறந்து இவ்வளவு ஆண்டுகள் ஆனவருக்காகவா என்று என் வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

இருட்டுவதற்குள் இறங்க வேண்டியிருந்தது. பவனிக்குக் காத்திருக்க முடியாது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளுக்கு மெஷின். வழியில் கிழங்கும் கேரட்டும் குவித்து வைத்திருந்த கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். உருளைக்கிழங்கில் பொட்டாசியம் அதிகம் என்பதால் இரண்டு ஆண்டுகளாக அவளுக்கு அது விலக்கு. ஒரு கிழங்கை எடுத்து நகத்தால் தோலைக் கீறிப் பார்த்தாள். மண் ஒட்டிய புதுக்கிழங்கு.

"நம்ம மேல்மல கெழங்குதான். ஒரு கிலோ போடச் சொல்லு."

"உனக்குத்தான் ஆகாதேம்மா."

"நறுக்கித் தண்ணியில ஊறப்போட்டு, அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, வேற தண்ணியில வேகவச்சா ரெண்டு துண்டு குடுக்கலாம்னு அந்த நர்சுப் பொண்ணு சொல்லிருக்கு. எத்தன மணி நேரம் ஊறணும்னு நாளைக்குப் போறப்பக் கேட்டுக்க" என்றாள்.