வீட்டுக்குள் வந்த பத்திரிகை

பெண்கள் பத்திரிகை என்றாலே கோலமும் ஊறுகாயும்தானே என்று ஒதுக்கிவிடுகிற பழக்கம் படித்தவர்களிடம் நிறையவே இருக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தப் பத்திரிகைகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, ஊறுகாய்ப் பக்கத்தின் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டேதான் போகிறது.

அந்த வரலாற்றை நான் வளர்ந்த வடசென்னை ராயபுரத்திலிருந்தே தொடங்கலாம். அங்கே பார்சிகளின் அக்னிக் கோயில் ஒன்று இருக்கிறது. பாரசீகத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் புலம்பெயர்ந்தவர்களின் வழிவந்தோர் 1910இல் எழுப்பியது. அதே 1910இல்தான் பாரசீகத்தின், அதாவது இன்றைய ஈரானின், தலைநகர் தெஹ்ரானில் ‘தானெஷ்’ வெளிவந்தது. பாரசீக மொழியில் பெண்களுக்கென்று வந்த முதல் பத்திரிகை அது. நடத்தியவர் ஒரு கண் மருத்துவரின் மனைவி. குழந்தை வளர்ப்பு, வீட்டு நிர்வாகம், உடல்நலம் பற்றி எழுதுவோம், அரசியல் பேசமாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அது கோழைத்தனமாக எனக்குத் தோன்றவில்லை. வாசற்படியில் நிற்கும் அப்பாவையும் மாமனாரையும் தாண்டி ஒரு தாள் உள்ளே போக வேண்டுமென்றால், குழந்தைக்கு வயிற்றுவலி வந்தால் என்ன கொடுப்பது என்றுதான் அது பேச்சைத் தொடங்க வேண்டியிருந்தது.

ஒன்பது ஆண்டு கழித்து, 1919இல், இஸ்ஃபஹான் நகரில் சித்தீகே தவ்லதாபாதி ‘ஸபானே ஸனான்’ பத்திரிகையைத் தொடங்கினார். இவர் அரசியலையும் எழுதினார். அவர் வீட்டின் மேல் கல் விழுந்தது, பத்திரிகையும் முடக்கப்பட்டது. நம் காலத்தில் ஷஹ்லா ஷெர்கத் 1992இல் தொடங்கிய ‘ஸனான்’ மாத இதழ் பதினாறு ஆண்டுகள் ஓடியது. 2008இல் ஈரான் அரசு அதன் உரிமத்தை ரத்து செய்தது.

தமிழில் இந்தக் கதை தெஹ்ரானுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1905 ஆகஸ்டில் சென்னையிலிருந்து பெண்களுக்காக ‘சக்ரவர்த்தினி’ வந்தது. அதன் ஆசிரியர் சுப்பிரமணிய பாரதி. பெண் கல்வியைப் பற்றி அவ்வளவு தீவிரமாக எழுதிய அவருமே ஓராண்டுக் காலம்தான் அதில் இருந்தார். பெண்ணுக்காக ஆண் நடத்துகிற பத்திரிகையில், அவர் விலகினால் வாசகிக்குப் பிடிமானம் இல்லாமல் போய்விடுகிறது. பத்திரிகை ஒரு பெண்ணின் கைக்கே வந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டியவர் வை.மு. கோதைநாயகி.

1901இல் பிறந்தவர். ஆறு வயது நிறையும் முன்பே கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருத்தி எழுதினார். அப்படிப்பட்டவர் 1925இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று, 1960இல் கண்மூடும்வரை நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். விதவை மறுமணம், குடியின் கேடு, தேச விடுதலை எல்லாம் தொடர்கதையாகவே வாசகியின் மடிக்கு வந்தன. 1932இல் சிறைக்கும் போனார். 1942இல் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் துறைமுகப் பக்கம் மட்டுமல்ல, சென்னைப் பட்டணமே காலியானபோது, சிங்கப்பெருமாள்கோவிலுக்குக் குடிபோய் அங்கிருந்தும் பத்திரிகையை நடத்தினார். போர்க்காலக் காகிதப் பஞ்சத்தையும் சமாளித்தார். கையெழுத்தே தோழியிடம் இரவல் வாங்கியவருக்கு முப்பத்தைந்து ஆண்டு நிலைக்க முடிந்ததற்கு, எதை அச்சிடுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவரிடமே இருந்தது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பத்திரிகைகளுக்குக் குறையும் உண்டு. அவை பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரிந்த வீடுகளிலிருந்து, அதே மாதிரி வீடுகளுக்காக எழுதப்பட்டவை. காசிமேட்டில் மீன் ஏலமெடுத்துக் கூடை சுமந்தவரும், திருவொற்றியூர் விம்கோ தீப்பெட்டி ஆலைக்கும் எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கும் புருஷனை அனுப்பிவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டவரும் அந்தக் கதைகளில் நாயகியாக வந்தது அபூர்வம்.

ஆனாலும் அவர்களும் அந்தக் கதைகளைக் காதால் கேட்டார்கள். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ராயபுரத்துச் சந்துக்கு வாடகை நூலகக்காரர் சைக்கிளில் பத்திரிகை கொண்டுவருவார். அம்மா திண்ணையில் உட்கார்ந்து தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பார். மீன் விற்று முடித்துவந்த பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எழுத்து தெரியாது. “அந்தப் பொண்ணு மறுபடி புருஷன் வூட்டுக்குப் போச்சா, இல்லியா? அத்தச் சொல்லு கண்ணு” என்பார். போகவில்லை என்று அம்மா சொன்னால், “போவாத, போவாத” என்று கதாநாயகிக்கே புத்தி சொல்வார். பிறகு தன் கதை வரும், எதிர்வீட்டு அக்காவின் கதை வரும். வேறெங்கும் வாய் திறக்காத விஷயங்கள் அந்தத் திண்ணையில் பேசப்பட்டன. கதை முடிந்ததும் வத்தக்குழம்புக் குறிப்பையும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வார்.

ஆகவே சமையல் பக்கத்தை இளக்காரமாகப் பேசுகிறவர்களிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பெண் பேச ஓர் இடம் தேவைப்பட்டபோது, யாரும் தடுக்காத கதவு அதுவாகத்தான் இருந்தது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய மாத இதழ்களோ, பாட்டி கிழித்துத் தைத்துவைத்த தொடர்கதைக் கட்டோ இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியமான வேலை இன்னொன்று. ஆயாவைப் போன்றவர்களின் சொல்லை யாரும் அச்சில் ஏற்றவில்லை. வடசென்னையில் இன்று கல்லூரிக்குப் போகும் அவர்களுடைய பேத்திகள் அதை எழுத வேண்டும். தங்கள் பெயரில், தாங்களே நடத்தும் பத்திரிகையில்.