இரவல் கிடைக்காத பறவை

பத்திரிகை வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஸ்காட்லாந்தின் தொலைதூரத் தீவு ஒன்றைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்கக் கொடுத்தார்கள். கடலோரப் பாறையில் நாள் முழுக்க உட்கார்ந்து ஒருவர் பறவை பார்க்கிறார். அவர் பார்த்த பறவைக்கு நான் 'கழுகு' என்று எழுதினேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அதில் சந்தேகமே எழவில்லை. அச்சாகி வந்தபோது கட்டுரையின் நடுவே, மொட்டைக் கழுத்தோடு ஒரு பிணந்தின்னிக் கழுகு கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. படம் தேர்ந்தெடுத்தவர் மீது தப்பில்லை. நான் எழுதிய சொல்லுக்குத்தான் அவர் படம் போட்டார். அடுத்த வாரம் வாசகர் ஒருவரின் அஞ்சலட்டை வந்தது: "மொழிபெயர்த்தவர் இந்தப் பறவையை ஒரு தடவையாவது பார்த்ததுண்டா?"

பார்த்ததில்லை. அகராதியைத்தான் பார்த்திருந்தேன்.

சங்க நூல்களில் எருவை, பாறு, பருந்து என்று தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. நாம்தான் பலவற்றையும் கழுகு என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம். திருக்கழுக்குன்றத்தில் பூசாரியிடம் உணவு வாங்கித் தின்று ஊருக்குப் புகழ் சேர்த்த பறவைகள் கூட மஞ்சள் முகப் பாறுகள், அதாவது பிணந்தின்னி இனம். 1990களின் இறுதிக்குப் பிறகு அவை அங்கே வருவதில்லை. பெயரை மட்டும் ஊர் வைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த அஞ்சலட்டைக்குப் பதில் சொல்ல எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பதில் கிடைத்த இடம் ஸ்காட்லாந்து அல்ல, திக்லிபூர்.

போனது வேறு வேலையாக. தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து வட அந்தமானில் குடியேற்றப்பட்டவர்களைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) விடியுமுன் பஸ் ஏறினால் திக்லிபூர் சேரும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. முன்னூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதியை வாகனங்கள் வரிசை கட்டி, காவல் துணையோடுதான் கடக்க முடியும். திக்லிபூர் கடைத்தெருவில் காதில் விழுவது வங்காளம். சுற்றிலும் நெல்வயல், தென்னை, பாக்கு. வயல்களுக்குப் பின்னால் 732 மீட்டர் உயர சாடில் பீக், அந்தமானிலேயே உயரமான மலை, மேகத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு நிற்கிறது.

வேலை முடிந்து மூன்று நாள் கையில் மிஞ்சியது. ஏரியல் பே துறையிலிருந்து ராஸ், ஸ்மித் தீவுகளுக்குப் படகில் போனேன். இரண்டு தீவுகளையும் ஒரு மணல் திட்டு இணைக்கிறது. ஓதம் வடிந்தால் நடந்தே கடக்கலாம். படகோட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். அவருடைய அப்பா சிறுவனாகக் கப்பலில் வந்து இறங்கியவர். நான் அவரை 'தாதா' என்றேன், அவர் என்னை 'சார்' என்றார். இருவருக்கும் பொதுவாக அரைகுறை இந்தி.

கரையை நெருங்கும்போது திடீரென்று எஞ்சினை நிறுத்தி மேலே கை காட்டினார். தண்ணீர்ப் பக்கம் சாய்ந்த ஒரு பெருமரத்தின் உச்சிக் கவட்டில், வண்டிச் சுமை விறகைக் கொட்டினாற்போல ஒரு கூடு. ஆண்டுதோறும் அதே கூட்டில் குச்சி சேர்த்துச் சேர்த்து அவை அப்படிப் பெரிதாக்குமாம். பக்கத்துக் கிளையில் பறவை. தலையும் மார்பும் வயிறும் வெள்ளை, முதுகும் இறக்கையும் சாம்பல். கழுத்து மொட்டையில்லை, கூனல் இல்லை. அவசரமே இல்லாமல் கிளையை விட்டு இறங்கியது. விரித்த இறக்கை இரண்டு மீட்டர் அகலம். அலைகளுக்குச் சற்று மேலே தாழ்ந்து போய்க் கால்களை மட்டும் நீரில் நனைத்தது. திரும்பியபோது நகங்களில் ஏதோ நெளிந்தது. "கடல் பாம்பு" என்றார் படகோட்டி. மீனைப் போலவே பாம்பையும் இது பிடிக்கும். கூட்டிலிருந்து இன்னொரு பறவை குரல் கொடுக்க இதுவும் பதில் கொடுத்தது. இவ்வளவு கம்பீரமான பறவைக்கு வாத்து கத்துவது போன்ற குரல்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதற்குப் பெயர் என்ன, தாதா?"

"பொரோ சில்."

வங்காளத்தில் பெரிய பருந்து என்று பொருள். "உங்கள் பாஷையில்?" என்று அவர் கேட்டார். வெண்வயிற்றுக் கடற்கழுகு என்ற புத்தகப் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. மொட்டைக் கழுத்துப் படம் நினைவுக்கு வர, "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அறைக்கு வந்து புத்தகங்களைப் புரட்டியபோது வெட்கமாக இருந்தது. கடற்கழுகுகள் மற்ற கழுகுகளைவிடப் பருந்துகளுக்கே நெருங்கிய உறவு என்பது மரபணு ஆய்வுகளின் முடிவு. படகோட்டி வெறும் கண்ணால் அந்த உறவைச் சொல்லிவிட்டிருந்தார்.

நான் அன்று மொழிபெயர்த்த பறவை இதற்குப் பங்காளி: வெண்வால் கடற்கழுகு. பிரிட்டனில் அதன் கதை சோகமானது. ஆட்டுக்குட்டியைத் தூக்குகிறது என்று மேய்ப்பர்கள் சுட்டார்கள், விஷம் வைத்தார்கள். முட்டை சேகரிப்பவர்கள் கூட்டைக் காலி செய்தார்கள். 1918இல் ஷெட்லாந்து தீவுகளில் கடைசிப் பறவை சுடப்பட்டது. பிறகு நார்வேயிடம் கை நீட்டினார்கள். 1975 முதல் பத்தாண்டுகளில் 82 இளம் பறவைகளைக் கொண்டுவந்து ரம் தீவில் விட்டார்கள். 1985இல் மல் தீவில் முதல் குஞ்சு வளர்ந்து பறந்தது. இன்று ஸ்காட்லாந்தில் நூறு ஜோடிக்கு மேல் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் உறை மோர் வாங்கி மறுபடி தயிர் தோய்ப்பது போலத்தான்.

மறுநாள் இரவு காலிபூர் கடற்கரைக்குப் போனேன். குளிர் மாதங்களில் கடலாமைகள் முட்டையிடும் கரை அது. ஒரு பங்குனி ஆமை மூச்சு வாங்கியபடி மணலைத் தோண்டியது. நாய்கள் கிளறித் தின்றுவிடாதபடி முட்டைகளை எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறார்கள். பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். இது ஆமைக்கு முடிகிறது. கூடு கட்டிய மரத்தைப் பெயர்த்து வேலிக்குள் நட முடியுமா?

மனிதன் கை வைக்காமலே இங்கே கரை மாறியும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் நிக்கோபார் தாழ்ந்தது, வட அந்தமான் உயர்ந்தது. ஓதம் எட்டாமல் சதுப்புநில அலையாத்தி மரங்கள் பல இடங்களில் காய்ந்தன. பவளப் பாறைகள் வெயிலில் வெளுத்துச் செத்தன. இத்தனைக்கும் பிறகு அந்தப் பெருமரத்தில் கூடு இருக்கிறது என்றால், மீனும் மரமும் இன்னும் மிச்சமிருக்கின்றன என்று பொருள்.

மூன்றாம் நாள் லாமியா பே பக்கம் சாடில் பீக் போகும் பாதையில் வழிகாட்டியோடு நடந்தேன். உச்சிவரை போக என் முழங்கால் சம்மதிக்கவில்லை. மூச்சு வாங்க ஒரு வேரில் உட்கார்ந்திருந்தபோது தலைக்கு மேலே ஒரு சீழ்க்கை ஒலி. நிழலோடு நிழலாகக் கரும்பழுப்பு நிறப் பறவை ஒன்று. உடம்பில் வெண்புள்ளிகள், மஞ்சள் கண். அந்தமான் பாம்புக் கழுகு. அலையாத்திக் காடுகளில் இதன் உறவினமான கொண்டைப் பாம்புக் கழுகைப் பார்க்கலாம், அதன் நிறம் வெளிறியது. உள்காட்டில் இருக்கும் இந்தக் கறுப்பனோ அந்தமான் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்குமே கிடையாது. பல்லி, தவளை, எலி, பாம்பு என்று கிடைத்ததைத் தின்று காட்டோடு வாழ்கிறது. ஐந்து நிமிடம் எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு மரங்களுக்குள் நுழைந்து மறைந்தது.

உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு நார்வே நினைவுக்கு வந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் தொலைத்ததை இரவல் வாங்கி மீட்டார்கள். திக்லிபூரின் கடற்கழுகு போனாலும் ஆஸ்திரேலியா வரை அதற்குச் சொந்தங்கள் உண்டு. பாம்புக் கழுகுக்கு அப்படி ஒரு பக்கத்து வீடு இல்லை. இந்தக் காடு குறைந்தால் அதுவும் குறையும். தீர்ந்தால் உறை மோருக்குப் போக வாசல் கிடையாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. ஆனால் அது வாழ்வது சட்டத்தில் அல்ல, மரத்தில். குடியேறியவர்களுக்கு வயல் வேண்டும், ஊருக்குச் சாலை வேண்டும். மூன்று நாள் விருந்தாளியான நான் அவர்களுக்குப் புத்தி சொல்ல முடியாது. ஆனால் தவறினால் திரும்பக் கேட்க ஆளில்லாத கணக்கு இது என்பதையாவது தெரிந்துகொண்டு போடலாம்.

ஊர் திரும்புமுன் துறையோர டீக்கடையில் படகோட்டியைப் பார்த்தேன். அவர் மறக்கவில்லை.

"யோசித்தீர்களா சார்? உங்கள் பாஷையில் என்ன?"

"எங்களுக்கும் பருந்துதான், தாதா. கடற்பருந்து."

"அப்படிச் சொல்லுங்கள்" என்று டீ கிளாஸைக் கீழே வைத்தார். அஞ்சலட்டை எழுதிய வாசகரின் முகவரி என்னிடம் இல்லை. இதை அவர் படித்தால், அவர் கேட்ட கேள்விக்குப் பதில்: பார்த்துவிட்டேன், ஐயா.