கொசுவுக்குப் பல் இருக்கா?

பொங்கல் சமயத்தில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்வந்தேன். 1977-ல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆசம் பள்ளியில் சின்னதாக ஆரம்பித்தது, இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தையே அடைத்துக்கொள்கிறது. அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் நந்தனம். என் முழங்காலுக்கும் தாங்குகிற பயணம்தான். இந்த முறை மூன்றாம் வகுப்புப் பேரனும் கூட வந்தான்.

மாலையில் அரங்கில், பிள்ளைகளுக்கு அறிவியல் புத்தகம் எழுதும் ஒருவர் பேசினார். பெயர் வேண்டாம், கூட்டம் குறைவு என்று எழுதப்போகிறேன், அவருக்கு எதற்குச் சங்கடம்? முன்வரிசை முழுக்க என்னைப் போன்ற பென்ஷன்காரர்கள். அவர் யாருக்காக எழுதுகிறாரோ அந்தப் பிள்ளைகள் வெளியே டெல்லி அப்பளத்தோடு நின்றிருந்தார்கள். மனிதர் அசரவில்லை. கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, ஒரு பிள்ளையாவது கேள்வி கேட்டால்தான் பேசுவேன் என்று நின்றுவிட்டார். எங்கள் பயல் எழுந்து, "கொசுவுக்குப் பல் இருக்கா?" என்றான். (அம்பத்தூர்ப் பிள்ளைக்கு வேறு என்ன கேள்வி வரும்!)

பெரியவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கடிப்பது பெண் கொசு மட்டும்தான், முட்டை உருவாக அதற்கு இரத்தம் வேண்டும் என்று ஆரம்பித்தார். அதன் வாய் ஓர் உறை மாதிரி. உள்ளே ஆறு மெல்லிய ஊசிகள். தோலை அறுக்க, விலக்கிப் பிடிக்க, உறிஞ்ச, எச்சில் விட என்று தனித்தனி வேலை. அந்த எச்சில்தான் நமக்கு அரிப்பைத் தருகிறதாம். எல்லாம் சாதாரணத் தமிழில்.

வீட்டுக்கு வந்ததும் பயல் பாட்டியிடம் ஒப்பித்தான். பள்ளிப் பாடம் எதையும் அவளிடம் சொல்ல மாட்டான். இங்கிலீஷில் படித்ததை எப்படிச் சொல்வான்? அன்று சொன்னான். அவளும் விடாமல், "அப்போ ஆம்பளக் கொசு என்னத்தைத் தின்னும்?" என்று கேட்டாள். "பூவுல இருக்கற தேன், பாட்டி."

நான் என் அம்மாவிடம் இப்படி ஒரு நாளும் பேசியதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். அங்கே 'தித்தே' எழுதும்போது ஃபாப்ர் என்ற பூச்சி ஆராய்ச்சியாளர் அறிமுகமானார். மரத்தில் கத்தும் 'சிகால்' பூச்சிக்குக் காது கேட்குமா என்று பார்க்க, ஊர்த் திருவிழாவில் வெடிக்கும் பீரங்கியைக் கொண்டுவந்து மரத்தடியில் வெடித்தவர். பூச்சி கத்துவதை நிறுத்தவில்லை. அது செவிடு என்று முடிவு கட்டினார். (பிற்காலத்தில் அதற்கும் காது உண்டு என்று கண்டுபிடித்தார்கள்.) அம்மா கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள், அதிர்வேட்டு என்றால் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் சிகால் என்பது எங்கள் பூவரச மரத்துச் சிள்வண்டுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. படித்தது பள்ளியிலேயே நின்றுவிட்டது.

அந்தக் குறையைத் தீர்க்கத் தமிழில் ஆள் இல்லாமல் இல்லை. பெரியசாமித் தூரன், ஆமாம், கச்சேரிகளில் பாடுகிறார்களே அந்தக் கீர்த்தனைகளை இயற்றியவர்தான், பத்துத் தொகுதிகளில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தார். 1968-ல் ஆரம்பித்து 1976-ல் முடிந்தது. குழந்தைகளுக்கென்று பத்துத் தொகுதி! நான் பள்ளியை விட்ட பிறகு வந்தது, என் அதிர்ஷ்டம் அப்படி.

இன்றைக்கு எழுதுகிறவர்களில் எனக்குப் பிடித்தவர் கடலூர் ஆசிரியர் ஆயிஷா இரா. நடராசன். 'விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்' நூலுக்கு 2014-ல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றவர். பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட 'ஆயிஷா', அவர் எழுதிய சிறுகதை. ஓர் அறிவியல் ஆசிரியை தன் புத்தகத்துக்கு எழுதும் முன்னுரை போல அமைந்தது. ஓயாமல் கேள்வி கேட்கும் ஒரு மாணவி. கேட்டதற்கு அவளுக்குக் கிடைத்தது அடி. முடிவை இங்கே சொல்லவில்லை. அதைப் படித்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

பேரப் பிள்ளைகளுக்கு வாங்குவதாக இருந்தால் விக்ரமாதித்தனை வாங்குங்கள். ஆயிஷாவை அவர்களுடைய டீச்சருக்குக் கொடுங்கள். சின்னப் புத்தகம்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம்.