கடைசியில் கூலி பெறுகிறவர்

தொலைக்காட்சி விளம்பரப் படத் தயாரிப்பாளர் ஒருவரை நண்பர் அறிமுகம் செய்துவைக்க, காப்பித்தூள் விளம்பரம் ஒன்று உருவாவதை வடபழனிப் படப்பிடிப்புத் தளத்தில் அருகிருந்து காணும் சந்தர்ப்பம் எனக்குக் கிட்டியது. 1976 ஜனவரி முதல் தேதி தூர்தர்ஷன் வியாபார விளம்பரங்களுக்கு இடமளிக்கத் தொடங்கிய பின் வளர்ந்த இத்தொழிலில் பழகித்தான் ராஜீவ் மேனன் இயக்குநரானார், ஏ. ஆர். ரகுமான் இசையமைப்பாளரானார் என்பதை உலகம் அறியும். தயாரிப்பாளரை அறிந்தவர் சிலரே.

நான் சந்தித்தவர், சினிமாக் கம்பெனியில் தேநீர் சுமக்கும் பையனாகச் சேர்ந்து, புரொடக்‌ஷன் மானேஜராக உயர்ந்து, பின்னர் சொந்தக் கம்பெனி தொடங்கியவர். விளம்பர ஏஜென்சி தரும் ஸ்டோரிபோர்டைப் பார்த்தவுடன் தளவாடகை, காமிரா, கால்ஷீட், சாப்பாடு என்று அனைத்தையும் மனத்துக்குள்ளேயே கூட்டிவிடுவார்.

அன்றைய படப்பிடிப்பில், பித்தளை டவராவில் காப்பி நுரைத்து விழும் காட்சிக்காக, நுரை அடங்குமுன் படமெடுப்பதும், பிடிக்கவில்லையென்றால் விளிம்பைப் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி ஆற்றுவதுமாகப் பிற்பகல் முழுவதும் கழிந்தது. முப்பது விநாடிப் படத்துக்கு, பிலிமில் எடுத்த காலத்தில் நாற்பத்தைந்து அடி பிலிம் போதும்; ஆயினும் வீணாகும் ஒவ்வோர் அடிக்கும் விலையுண்டு என்ற அச்சம் எல்லோரையும் கட்டுப்படுத்தியது. டிஜிட்டல் காமிராவில் அந்த அச்சமில்லாததால், ‘இன்னொன்று எடுப்போம்’ என்பது எளிதாகிவிட்டது; நேரம் மீறினால் கூடுதல் சம்பளம் தயாரிப்பாளர் தலையில்தான் விழுகிறது.

மாலையில் அவர் நீள நோட்டைத் திறந்து, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிச் சம்பளமும் பேட்டாவும் கொடுத்தார். அப்பணம் வட்டிக்கு வாங்கியது. “லைட்மேன் வீட்டு அடுப்பு, ஏஜென்சி செக் வர்ற வரைக்கும் காத்திருக்காதுங்களே” என்றார்.

அந்தச் செக்கோ மாதக்கணக்கில் வராது. சரக்கு விற்கும் கம்பெனி ஏஜென்சிக்குக் கொடுத்தால்தான் ஏஜென்சி இவருக்குக் கொடுக்கும். அதற்குள் படம் ஓடி, சரக்கு விற்று, லாபமும் கணக்கில் ஏறியிருக்கும். பதிவுபெற்ற சிறுதொழில் நிறுவனத்துக்குரிய தொகையை அதிகபட்சம் 45 நாளுக்குள் தரவேண்டும், தவறினால் கூட்டுவட்டி என்று 2006ஆம் வருஷச் சட்டமே விதிக்கிறது. ஆனால் வழக்குத் தொடுத்தவனுக்கு அடுத்த படம் கிடைக்குமா என்ற பயம், சட்டத்தைப் புத்தகத்திலேயே உறங்க வைத்திருக்கிறது. உழைத்தவனுக்கு அன்றே கூலி என்பது நம் நாட்டின் பழைய தர்மம். அதனை வட்டி கட்டிக் காப்பாற்றும் பொறுப்பு ஒரு தனிமனிதனுடையதாக இருப்பது அநியாயம். காமிரா ஓடுவதற்கு முன்பே முழுச் செலவையும் சரக்கு விற்பவரே கட்டியாக வேண்டும். இதனை ஒப்பந்தத்தில் எழுதாத எவருக்கும் படமெடுப்பதில்லை என்று தயாரிப்பாளர்கள் ஒன்றுகூடித் தீர்மானிப்பதே இதற்குப் பரிகாரம்.