பிசையாத பாண்

பாண் என்னும் சொல்லும், அதனைச் சுடும் போறணை என்னும் சொல்லும் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்றவை. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய அவர்கள் 1658இல் அகன்றனர், பாண் அகலவில்லை. எனினும் பிட்டும் இடியப்பமும் அவிப்பதற்குச் சலியாத நம் வீடுகள், பாணை மட்டும் பேக்கரிக்கே விட்டுவிட்டன. எங்கள் வீடும் அவ்வாறே இருந்தது, 2022ஆம் ஆண்டு வரை.

அவ்வாண்டின் எரிபொருட் பஞ்சத்தை வாசகர் மறந்திரார். எரிவாயு இல்லை, மாலை தோறும் எங்கள் ஒழுங்கைக்கு வந்த பாண் வண்டியும் நின்றுபோயிற்று. எங்களுக்கு அது பெருங்குறையன்று. அம்மம்மாவுக்கோ, பற்கள் போன பின்னர், தேநீரில் தோய்த்த பாணே காலையுணவு. மூன்றாம் நாள் அவர் வெறுந் தேநீருடன் எழுந்து விட்டார். கேட்டதற்குப் பசியில்லை என்றார். அதை நாங்கள் நம்பவில்லை.

வீட்டில் சுடலாமென்றால், முறிந்து பொருந்திய மணிக்கட்டினால் அம்மாவுக்கு மாப் பிசைய இயலாது. நானோ உயர்தரப் பரீட்சையைச் சாட்டாகக் கொண்டு எவ்வேலையிலிருந்தும் நழுவுபவன். அப்பொழுதுதான் பிசையாமலே பாண் செய்யும் முறையொன்று என் கண்ணிற் பட்டது. நியூயோர்க்கில் பேக்கரி நடத்தும் ஜிம் லேஹி என்பவரது முறை அது. 2006இல் மார்க் பிற்மன் பத்திரிகையில் எழுத, உலகெங்கும் பரவியது. மூன்று கோப்பை மா, கால் தேக்கரண்டி ஈஸ்ட், ஒன்றேகால் தேக்கரண்டி உப்பு, ஏறத்தாழ ஒன்றரைக் கோப்பை நீர். அகப்பையாற் கலந்து மூடிவைத்தாற் போதும். சோம்பேறிக்கென்றே எழுதப்பட்டது போலிருந்தது.

இதில் மாயம் எதுவுமில்லை. கோதுமையிலுள்ள இருவகைப் புரதங்கள் நீருடன் சேர்ந்து குளூட்டன் என்னும் வலையாகின்றன. பிசைதல் அதனை விரைவுபடுத்துகிறது. நீரும் நேரமும் தாராளமாக இருந்தால் வலை தானே பின்னப்படும். நமது விஞ்ஞான பாடநூல்கள் மதுவம் எனக் கூறும் ஈஸ்ட் வெளிவிடும் காபனீரொட்சைட்டுக் குமிழிகளும் அதனை உள்ளிருந்தே இழுத்து விரிக்கும்.

பன்னிரண்டு முதல் பதினெட்டு மணித்தியாலம் வைக்க வேண்டுமென எழுதியிருந்தது. எழுத்திலுள்ளதை எழுத்துப் பிசகாமற் செய்வது பரீட்சைக்குப் படிப்பவனின் வியாதி. பதினெட்டு மணித்தியாலம் வைத்தேன். திறந்தபோது மா பொங்கி அமிழ்ந்து, நீர்த்துக் கிடந்தது. அம்மம்மா முகர்ந்து பார்த்தார்.

"எடேய், இது பாண் மாவோ, கள்ளுக் கொட்டிலோ?"

நான் முறையை வாசித்துக் காட்டினேன்.

"அவன்ரை ஊர் குளிர் ஊர். எங்கடை வெக்கைக்கு ஏன் உவ்வளவு நேரம்? அப்பத்துக்குக் கள்ளு விட்டுக் கரைக்கிறதெண்டால் படுக்கப் போகேக்கை கரைச்சு, விடியச் சுடுறதுதானே?"

லேஹியின் கணக்கு நியூயோர்க் அறையின் வெப்பத்துக்குரியது என்பது பின்னரே எனக்கு விளங்கிற்று. அன்றிரவு பத்து மணிக்குக் கலந்தோம்; விடிய ஆறு மணிக்கு மா குமிழிகளுடன் நிமிர்ந்து நின்றது. போறணைக்கும் அவரே வழி சொன்னார். அடிகனத்த சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் மாத் தகரத்தை வைத்து, இறுக மூடி, கீழே விறகும் மூடியின்மேல் சிரட்டைத் தணலும் இட்டோம். கனத்த பாத்திரத்தை மூடிச் சுட வேண்டுமென்பதும் லேஹியின் முறையிலுள்ளதே. உள்ளே அடைபட்ட நீராவியினாலேயே மேலோடு நன்றாக அமையும். அடிப்பக்கம் சற்றுத் தீய்ந்தது. மற்றபடி அது பாண்தான்.

அம்மம்மா அதனைத் தோய்த்துண்ணும்போது, 1970களின் முற்பகுதியில் ஒரு இறாத்தல் பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்றதைச் சொன்னார். 1990க்குப் பின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய்க்கு நின்றதையும் சொன்னார். சில நாட்களில் தமது முறை வருமுன்னரே பாண் முடிந்துவிடுமாம். யாரையும் நோகாமல், வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னார்.

பாண் வண்டி மீண்டும் வரத் தொடங்கிய பின்னரும், கிழமைக்கொரு முறை "மாவைக் கலந்து வை" என்பார். அவ்விரவுகளில் நித்திரை கலைந்த போதெல்லாம் கைவிளக்குடன் குசினிக்குச் சென்று, துணியை விலக்கி, மா எவ்வளவு ஏறியிருக்கிறதென்று பார்த்து வருவார்.