காஞ்சிரங்குளத்தின் வெட்டுக்கல் வீடுகள்

கேரளத்தின் தென்கோடியில், திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருக்கிறது காஞ்சிரங்குளம். அரபிக்கடலும், நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறும் பக்கத்தில்தான். பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளைக்குப் போனால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை வந்தபின்பும் இருபுறத்துப் பழைய வீடுகளின் கட்டுமானம் ஒன்றுதான்: வெட்டுக்கல் அல்லது மண்சுவர், சுண்ணாம்புச் சாந்து, ஓட்டுக் கூரை. அவற்றின் நோயும் ஒன்றுதான்: விரிசலும் உதிரும் சாந்தும்.

வெட்டுக்கல் செம்மண் நிலத்தின் அடியிலிருந்து வருவது. ஈரத்தோடு இருக்கும்போது கோடாலியால் செதுக்கலாம். வெளியே எடுத்துக் காற்றுப்பட விட்டால் இறுகும். ஆனால் கல் முழுக்க நுண்துளைகள். தண்ணீரை எளிதில் உறிஞ்சும், தொடர்ந்து நனைந்தால் வலு குறையும். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி, அக்டோபரில் வரும் துலாமழை என இரண்டு மழைக்காலம் உள்ள நாட்டில் இந்தக் கல் நிற்பதற்குக் கூரைதான் காரணம். சுவரைத் தாண்டி நீண்டு இறங்கும் இறவாரம் மழையைச் சுவரில் படவிடாது. பத்மநாபபுரம் அரண்மனையின் சரிந்த கூரைகளிலும் இந்தக் கணக்கையே காணலாம். முன்பக்கத்து ஓட்டைப் பிரித்துவிட்டு இறவாரமே இல்லாத கான்கிரீட் தளம் போட்ட வீடுகளில் சுவர் முதலில் கெடுவது வியப்பல்ல.

விரிசல் எல்லாம் ஒன்றல்ல. பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழைக் கீறல் பெரும்பாலும் பூச்சு காய்ந்து சுருங்கியதால் வந்தது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, கல் இணைப்புகளில் படிப்படியாக நகரும் விரிசல், அடித்தளத்தின் ஒரு பகுதி மட்டும் இறங்கியிருப்பதைக் காட்டும். பழைய சுவரோடு புது அறையைப் பிணைப்பில்லாமல் ஒட்டிக் கட்டினால் இரண்டும் சேரும் இடத்தில் நேர்குத்தாகப் பிளக்கும். கான்கிரீட் தளத்துக்குச் சற்றுக் கீழே கிடையாக ஓடுவது, வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. அகலமும் முக்கியம்: 5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் பொறியாளரை அழைத்தே ஆக வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி, தேதி எழுதி, ஒரு மழைக்காலமாவது கவனிக்கலாம். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. நகரும் சுவரில் பூசும் எதுவும் நிற்காது.

எனவே பழுதுபார்ப்பு சுவரில் தொடங்குவதில்லை. உடைந்த ஓடு, அடித்தளத்தின் அருகே தேங்கும் கூரைத் தண்ணீர், குளியலறையிலிருந்து கசியும் குழாய், சுவரை ஒட்டி வளர்ந்த மரம், சரிவை வெட்டியதால் பிடிமானம் இழந்த மண் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். தண்ணீரைத் திருப்பிவிட்டாலே பல வீடுகளில் நகர்வு நின்றுவிடும்.

அடுத்தது சாந்து. பழைய இணைப்பை ஆணியால் கீறும்போது மாவு போல் உதிர்ந்தால், சுண்ணாம்பின் பிடிப்பு போய்விட்டது. மேலே வெள்ளை பூத்திருந்தால் அது ஓதத்தோடு ஏறிய உப்பு. இங்கேதான் பெரும் தவறு நடக்கிறது: உதிர்ந்த இடத்தைச் சிமெண்டால் அடைத்து, மேலும் சிமெண்டாலே பூசிவிடுகிறார்கள். சிமெண்ட் கல்லைவிடக் கடினம். ஈரத்தையும் எளிதில் வெளியே விடாது. உள்ளே சிக்கிய ஈரத்தில் உப்பு படிகமாகி, இறுகிய பூச்சுக்குப் பின்னாலிருக்கும் வெட்டுக்கல்லையே பொடியாக்குகிறது. சில ஆண்டுகள் கழித்துப் பூச்சு பலகையாகப் பெயரும்போது கல்லும் சேர்ந்து வருகிறது. சாந்து கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். கெட வேண்டியது எளிதில் மாற்றக்கூடிய சாந்துதான், கல் அல்ல.

நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்கு உப்பில்லாத மணல் மூன்று பங்கு என்பது பொதுவான கலவை. ஈரம் அதிகமுள்ள இடத்தில் செங்கல்தூளான சுர்க்கி சேர்ப்பார்கள். 1895-இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணை சுண்ணாம்பு, சுர்க்கிச் சாந்தில்தான் எழுந்தது. கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் சேர்ப்பது பழைய வழக்கம். இணைப்பை 25 மில்லிமீட்டர் ஆழமாவது சுரண்டி, தூசி போகக் கழுவி, கல்லை நனைத்து, சாந்தை அழுத்தி அடைக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகுவது. ஆகவே ஈரச் சாக்கால் மூடிப் பல நாள் காய விடாமல் காக்க வேண்டும். மழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரையே இதற்கு ஏற்ற காலம்.

அடித்தளம் இறங்கிய வீட்டுக்கு இது போதாது. அடியில் தோண்டித் தாங்கு கொடுக்கும் வேலையைச் சுமார் ஒரு மீட்டர் நீளத் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாகத்தான் செய்ய வேண்டும். ஒரே நேரத்தில் நீளமாகத் தோண்டினால் சுவர் சரியும். சுவர் குப்புறச் சாய்ந்திருந்தாலோ, உத்தரம் சுவரிலிருந்து விலகியிருந்தாலோ, முதலில் ஆட்களை வெளியேற்றி, முட்டுக் கொடுத்த பிறகே மற்ற வேலை.